கதிர் வராத அறையில் ஓர் ஈய அங்கி

என் மகளின் கையை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. என் சந்தேகமெல்லாம் றோட்டின் மேல்தான். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் எங்கள் மாடிவீடு. அங்கிருந்து காலி வீதிக்கு ஏறி, பஸ் பிடித்து, போகவேண்டிய இடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. சேர்ந்துவிட்டால் பிறகு அவள் யாருடைய எலும்பில் துளை போட்டாலும் அது சரியான இடத்தில்தான் விழும். அப்படித்தான் நம்பினேன். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். றோட்டைப் பற்றி மட்டும் இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை. பொலிஸ் செக்பொயின்ற் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

அவள் எலும்புச் சத்திரசிகிச்சையில் மேற்பயிற்சி பெறுகிற வைத்தியர். அவளோடு பயில்கிற தொகுதியில் பெண் அவள் ஒருத்திதான். அந்தத் துறையை அவள் எடுத்தபோது கிருலப்பனையில் இருக்கும் என் மைத்துனி வீடு தேடி வந்து மூக்கால் அழுதாள். கண், தோல், குழந்தைகள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லக்கூடிய துறைகள் எத்தனையோ இருக்க, சுத்தியலும் துளைகருவியும் பிடிக்கிற வேலை எதற்கு என்று கேட்டாள்.

"உவள் சின்னனிலேயே கதிரைக்கால் கழட்டிப் பூட்டினவள். இப்ப மனிசற்ற காலைப் பூட்டப்போறாள். அவ்வளவுதானே," என்றாள் என் மனைவி. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞர். பாலங்களையும் மதகுகளையும் முன்தோற்றம், பக்கத்தோற்றம் என்று கடதாசியில் இறக்குவது என் தொழில். ஒருநாள் அவள் தன் வேலையை எனக்கு விளக்கினாள். இடுப்பு உடைந்தவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கத்தால் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தவேண்டும். அது எலும்பின் கழுத்து வழியாகப் போய், உருண்டைத் தலையின் நடுவில் நிற்கவேண்டும். அந்தக் கம்பி காட்டுகிற வழியில்தான் பிறகு திருகாணி இறங்கும். ஆனால் கம்பி உள்ளே எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முன்னாலிருந்து ஓர் எக்ஸ்ரே, பக்கத்திலிருந்து ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் நடுவில் தெரிந்தால் உண்மையிலும் நடுவில் நிற்கிறது. ஒன்றில் மட்டும் நடுவில் தெரிந்தால் அது பொய். எனக்கு அது உடனே விளங்கியது. என் தொழிலைத்தான் இவளும் செய்கிறாள், கடதாசிக்குப் பதிலாக ஆளை வைத்துக்கொண்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு பிற்பகல் நான் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், எனக்கு முன்னால் போன பஸ்ஸில் குண்டு வெடித்தது. நான் அடுத்த பஸ்ஸின் மிதிபலகையில் நின்றேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. விழுந்தேன், முழங்கை உரஞ்சியது, வலது காதுக்குள் ஒரு விசில் தொடங்கியது. கைத்தொலைபேசி எங்கேயோ போய்விட்டது. சனம் ஓடிய பக்கமாக நானும் ஓடி, கடற்கரைத் தண்டவாளத்தில் ஏறி, அதன் வழியே நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என்ன பார்த்தேன் என்பதை எழுதப்போவதில்லை. விசில் இன்றைக்கும் இருக்கிறது. யாராவது கதவை அடித்துச் சாத்தினால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறேன். அலுவலகத்தில் என் தேநீரை இப்போது மேசையின் நடுவில் வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் என் மகள் ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்தாள். வெடித்த இடம் நான் வருகிற பாதை, வெடித்த நேரம் நான் வருகிற நேரம். என் நம்பருக்கு எடுத்தால் பதில் இல்லை. பிறகு யாருடைய நம்பருக்கும் லைன் கிடைக்கவில்லை. கை கால் உடைந்தவர்களை ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் மட்டை வைத்துக் கட்டினாள், இரத்தத்தை நிறுத்தினாள், கதவு திறந்த ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து, வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் என் மனைவி பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் முயன்று முயன்று வார்ட்டைப் பிடித்து, அப்பா வந்துவிட்டார் என்று சொன்னபோது அவள் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாளாம். வேலையை விட்டு வரவில்லை. அழவும் இல்லை. அது அத்துடன் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

முடியவில்லை. ஒப்பரேஷன் தியேட்டரின் கதவுகள் இரண்டு பக்கமும் ஆடுகிற கதவுகள். தாதி வருவார், சிற்றூழியர் போவார், கதவு அடிக்கும். அடித்த ஒவ்வொரு முறையும் என் மகளின் கண் கதவுக்குப் போனது. எலும்புக்குள் கம்பி ஏறிக்கொண்டிருக்கும்போதும் போனது. ஒருமுறை கம்பி சறுக்கியது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய சேர் அதை எடுத்துவிட்டுத் தானே திரும்பப் போட்டார்.

சேர் என்று அவள் சொல்வது அவளுக்குப் பொறுப்பான பெரிய டொக்டரை. சிங்களவர், ஓய்வுக்குக் கிட்டியவர், பகிடி இல்லாமல் ஒரு வசனம் பேசமாட்டார். அன்றைக்குப் பகிடி விடவில்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு இருத்தி, தான் பழக்கியவர்களில் உன்னுடையதைப் போல ஒரு கையைக் கண்டதில்லை, ஆனால் கண்ணைக் கதவில் வைத்திருப்பவளிடம் நான் ஆளைக் கொடுக்கமுடியாது என்றாராம். அந்தத் தவணை முடிவில் அவளைப் பற்றிய அபிப்பிராயத்தை அவர் மேலிடத்துக்குச் சொல்லவேண்டும். அதற்குள் இது நிற்காவிட்டால் வேறு துறை பார்ப்பதுதான் அவளுக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது.

இரவுச் சாப்பாட்டில் இடியப்பத்தைப் பிய்த்தபடி அவள் இதைச் சொன்னாள். சேர் சொன்னது சரிதான், என்னைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்றாள்.

"அப்ப என்ன செய்யப்போறாய்?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியேல்ல அம்மா. கதவைக் கழட்டச் சொல்லித்தான் கேக்கோணும்."

அந்த நாட்களில்தான் மெஷின் வந்தது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்று சில வாரங்களுக்கு இரவலாக அனுப்பியது. கொள்ளுப்பிட்டிப் பக்கத்தில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் வைத்து, எல்லா ஆஸ்பத்திரிகளிலும் எலும்புச் சத்திரசிகிச்சை பயில்கிறவர்களுக்கு முறைபோட்டு நேரம் கொடுத்தார்கள். ஒப்பரேஷன் பழகுகிற மெஷின் அது. கனமான கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டால் முன்னால் ஒரு தியேட்டர் தெரியும். மேசை, விளக்கு, பச்சைத் துணி, நடுவில் ஒரு தொடை. இரும்புக் கையொன்றில் பூட்டிய, பேனை மாதிரியான கருவியைப் பிடித்து அந்த இல்லாத எலும்பில் வைத்து அழுத்தினால், இருக்கிற எலும்பு போலவே அது எதிர்த்து நிற்கும். தசையில் ஒரு மாதிரி, எலும்பின் ஓட்டில் ஒரு மாதிரி, உள்ளே மெத்தென்ற இடத்தில் இன்னொரு மாதிரி. காலடியில் ஒரு மிதி இருக்கும். அதை மிதித்தால் எக்ஸ்ரே படம் வரும். எல்லாம் பொய், கையில் படுகிற பாரம் மட்டும் மெய். முடிந்ததும் கம்பி நடுவில் நிற்கிறதா, வேலை செய்யும்போது கை எவ்வளவு உறுதியாக இருந்தது என்று அது மார்க் போடும்.

அவளுடைய சேருக்கு அந்த மெஷினில் மதிப்பில்லை. வீடியோ கேம் என்றார். ஆனாலும் அவளிடம் ஒரு விஷயம் சொன்னார். அந்தத் தியேட்டருக்குக் கதவில்லை. அங்கே உன் கை உறுதியாக இருந்தால் பிழை கதவில். அங்கேயும் இல்லையென்றால் பிழை கையில். போய்ப் பார்த்துவிட்டு வா.

அவளுக்குக் கிடைத்தது பின்னேர நேரம். வார்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டு வெளிக்கிடுவாள். நானும் குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவேன். எங்கள் பகுதியில் அது புதினமில்லை. பொழுதுபடுகிற நேரத்தில் வெளியே போகிற பிள்ளைக்குப் பின்னால் தகப்பனோ தாயோ போவது இந்த யுத்த வருடங்களில் வழக்கம். பிள்ளைக்கு என்ன வயது, என்ன படிப்பு என்பதெல்லாம் அதில் கணக்கில்லை. ஊரே கும்பிடுகிற டொக்டருக்குப் பின்னால் நான் குடையோடு போனேன்.

பழகுவதற்கென்று பிளாஸ்டிக்கில் செய்த தொடை எலும்பு ஒன்றை மண்டபத்தில் கொடுத்திருந்தார்கள். அதை அவள் தோள்பையில் கொண்டு திரிந்தாள். முதல்நாள் செக்பொயின்ற்றில் பையைத் திறந்த இளம் பொலிஸ்காரன் எலும்பைக் கண்டதும் கையைச் சட்டென்று எடுத்துவிட்டான். எனக்குக் காதுக்குள் விசில் ஏறியது. அடையாள அட்டைகளை நீட்டிக்கொண்டு என் அலுவலகச் சிங்களத்தில் ஏதோ தொடங்கினேன். அவள் என்னை மெல்ல விலக்கிவிட்டு, அது பிளாஸ்டிக், தான் எலும்பு டொக்டர், இது தன் பாடம் என்று அவனுக்குச் சிங்களத்தில் சொன்னாள். அவன் அதை எடுத்துத் தன் தொடையோடு வைத்து அளந்து பார்த்தான். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டான்.

"அனிக் எக கெதரத, நோனா?"

மற்றது வீட்டிலா, அம்மணி என்று கேட்கிறான். அவளும் சிரிக்காமல், ஓம், வீட்டில் அம்மா பார்த்துக்கொள்கிறார் என்றாள். அதற்குப் பிறகு அவனுக்கு அவள் எலும்பு நோனா. ஒருநாள் படி ஏறி இறங்கும்போது தன் முழங்காலில் வருகிற நோவைப் பற்றிக் கேட்டான். பின்னால் நின்ற வரிசை பொறுமையிழக்க, அவள் அவனை இருந்து எழும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, உடம்பின் பாரத்தைக் குறை, வெயிலில் நிற்கிற நேரத்தைக் குறை என்றாள். இரண்டாவது என் கையில் இல்லை என்றான் அவன்.

மண்டபத்தில் எனக்கு நடையில் ஒரு கதிரை கிடைத்தது. மற்றப் பயிற்சி வைத்தியர்கள் அங்கிள் என்று கூப்பிட்டு, நீங்களும் பேர் கொடுங்கோ, இடம் இருக்கிறது என்று பகிடி விட்டார்கள். கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதனூடாகப் பார்த்தால் அரை இருட்டில் என் மகள் தலையில் பெட்டியோடு நிற்பது தெரியும். மற்றவர்கள் எல்லாரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எலும்பு தெரிகிற திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் திரையில் என்ன, நான் அவளைத்தான் பார்த்தேன். குனிந்து கருவியை வைப்பாள். மிதியை மிதிப்பாள். உடனே கருவியை விட்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துக்கொண்டு, இரண்டு அடி பின்னுக்கு வருவாள். ஒரு கணம் நிற்பாள். பிறகு முன்னுக்குப் போய்த் திரும்பவும் கருவியைப் பிடிப்பாள். கோயிலில் தீபம் காட்டுகிறவரின் அசைவு போல அது ஒழுங்காக இருந்தது. அதுதான் முறையாக்கும் என்று நினைத்தேன்.

மார்க் வந்தது. கம்பி நடுவில் நின்றது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கை உறுதியில் அவள் தொகுதியிலேயே கடைசி. படம் எடுக்கிற ஒவ்வொரு முறையும் கருவி எலும்பை விட்டு விலகுகிறது என்று மெஷின் சொன்னது. அடுத்த முறையும் அதையே சொன்னது. அதற்கடுத்த முறையும்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்து, மடியில் கிடந்த தன் வலக்கையை யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கதவு இல்லை அப்பா. அப்பவும் கை விலகுது எண்டு சொல்லுது."

"நீ விலகினனியோ?"

"நான் விலகேல்ல எண்டுதான் நினைக்கிறன்." கையை மூடினாள். "அதுதான் பயமாயிருக்கு."

என் மகள் பயம் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அது முதல் தடவை. வெடித்த நாளில்கூட அவள் அதைச் சொல்லவில்லை. அவள் பின்னுக்குப் போய் வருவதை முறை என்று நினைத்திருந்ததால், அதை அவளிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பம்பலப்பிட்டி தாண்டியதும், உன்னுடைய கையில் பிழையில்லை, மெஷின்தான் எதையோ பிழையாகப் பார்க்கிறது என்றேன். நீங்கள் என் அப்பா, வேறு என்ன சொல்வீர்கள் என்றாள். உண்மைதான். ஆனால் நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஒரு தோற்றத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது என்று தொழில் படித்த நாளிலிருந்து என் தலைக்குள் ஏற்றியிருந்தார்கள்.

மெஷின் திரும்பிப் போவதற்குச் சில நாட்கள் இருக்கையில் அவளுடைய சேர் ஒரு பின்னேரம் நேரில் வந்தார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை, கையில் கார்த் திறப்பு. நடையில் என்னைக் கண்டு, யார் என்று விசாரித்து, உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். அப்போதுதான் யாரோ பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். நான் கோப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் இருந்தேன்.

அவள் செய்தாள். அவர் திரையைப் பார்த்தார். படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் கம்பியின் நுனி எலும்பை விட்டு எழும்பி, அலைந்து, திரும்ப வந்து உட்கார்ந்தது. அவருடைய முகத்தில் பகிடி ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு போனதை நான் பார்த்தேன். மெஷினோடு வந்திருந்த வெள்ளைக்கார இளைஞன், இது கை தளம்புகிறவர்களிடம் வருகிற அடையாளம் என்று மெதுவாகச் சொன்னான். அவள் பெட்டியைக் கழற்றினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

 சேர் எழுந்து, இங்கே கொண்டா அந்த விளையாட்டுச் சாமானை என்று வாங்கித் தன் தலையில் மாட்டினார். அது அவருக்குச் சின்னனாக இருந்தது. கருவியைப் பிடித்துக் குனிந்தார். கைகள் உடனே வேறு ஒருவருடைய கைகள் மாதிரி அமைதியாகின. கம்பி போய் நின்றது. மிதியை மிதித்தார்.

மிதித்ததும் கருவியை விட்டார். இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்தார். பின்னுக்கு வந்தார். நான் அவருக்குப் பின்னால் இருந்தேன். அவ்வளவு பெரிய மனிதரின் பின்பக்கம் என் முழங்காலில் மோதி, என் கோப்பை அவருடைய வெள்ளைச் சட்டையில் கவிழ்ந்தது. பிளேன்டீ சூடாகத்தான் இருந்தது. அவர் கத்தவில்லை. தலையில் பெட்டியோடு அப்படியே நின்று, யார் இங்கே சுவரைக் கொண்டுவந்து வைத்தது என்று இங்கிலீஷில் கேட்டார்.

முதலில் சிரித்தவள் என் மகள். சிரித்தபடி, சேர், நீங்கள் ஏன் பின்னுக்குப் போனீர்கள் என்று கேட்டாள்.

நான் எங்கே போனேன் என்றார் அவர்.

அவருக்கே தெரியவில்லை. அவர்கள் சொல்லியும் நம்பாமல், திரும்ப ஒருமுறை செய்தார். திரும்பவும் கால் தானாகப் பின்னுக்கு வந்தது. இந்த முறை நான் கதிரையை இழுத்துக்கொண்டேன். அவர் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு அந்த வெள்ளைக்கார இளைஞனுக்குச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் படாமல் இருக்க, ஈயம் வைத்த கனத்த அங்கி போட்டுக்கொள்ளவேண்டும். எங்கள் தியேட்டரில் அங்கி இரண்டு. ஒன்று படம் எடுக்கிறவருக்கு. மற்றது மயக்கமருந்து கொடுக்கிறவருக்கு, அவர் நோயாளியின் தலைமாட்டை விட்டுப் போகமுடியாது. மீதிப்பேர் கம்பியை விட்டுவிட்டுப் பின்னுக்குப் போய் நின்று, படம் எடுத்த பிறகு வருவோம். அங்கே கம்பி எலும்பிலேயே நிற்கும், உங்கள் மெஷினில்தான் கையை விட்ட உடனே எழும்புகிறது. என் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நான் அப்படித்தான் செய்கிறேன். இந்தப் பிள்ளையை நானே முதல் ஆளாகத் துரத்துவேன். நாளைக்குப் பிள்ளை பெறவேண்டியவள் என்று.

வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த ஒருவன் மெல்லக் கையை உயர்த்தினான். அவனுக்கும் உறுதியில் மார்க் குறைவு. அவனுக்கும் அங்கி கிடைப்பதில்லை.

இன்னும் கொஞ்சம் அங்கி வாங்கினால் என்ன என்று அந்த இளைஞன் கேட்டான். நல்ல கேள்வி, நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார் சேர்.

என் மகள் பெட்டியை மாட்டிக்கொண்டு உடனே மறுபடி செய்தாள். காரணம் தெரிந்துவிட்டது, இனிச் சரியாகும் என்று எல்லாரும் நின்றோம். ஆகவில்லை. இங்கே கதிர் இல்லை என்று அவளுடைய தலைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு நிற்கப்போனால் கை உண்மையாகவே தளம்பியது.

அடுத்த நாள் பின்னேரம் சேர் தன் காரின் பின்பெட்டியைத் திறந்து, மடித்த நீல மூட்டை ஒன்றைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் பாவித்து, உள்ளே ஈயம் வெடித்துப்போனதால் கழித்துவிட்ட பழைய அங்கி. கதிர்களைத் தடுக்காத அந்த அங்கியை, கதிர் என்ற பேச்சே இல்லாத அறையில், என் மகளுக்குத் தன் கையால் மாட்டிப் பின்னால் நாடாவைக் கட்டிவிட்டார். வெள்ளைக்கார இளைஞனுக்குச் சிரிப்பு. தன் மெஷினுக்கு இப்படி ஒரு மரியாதை எந்த நாட்டிலும் கிடைத்ததில்லை என்றான்.

நான் கண்ணாடிச் சதுரத்தினூடாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்தாள். மிதித்தாள். தோளில் அங்கியின் பாரம் இருந்தது. கால் அசையவில்லை. திரும்ப மிதித்தாள். அசையவில்லை. உள்ளே யாரோ கை தட்டினார்கள். எனக்கு மார்க் தெரியத் தேவையிருக்கவில்லை. தெரிந்தபோது அது அந்த வாரங்களில் யாரும் எடுக்காத மார்க்.

சேர் அவளிடம் சொன்னது இவ்வளவுதான். கையில் பிழையில்லை. இனி இருப்பது கதவு. அதற்கு இரவல் வாங்க ஒரு மெஷின் இல்லை. வருகிற கிழமை இடுப்பு உடைந்த ஒரு வயதான அம்மா வருகிறார். நீ செய், நான் எதிரில் நிற்கிறேன். அவளைப் பற்றிய தன் அபிப்பிராயத்தை அதற்குப் பிறகுதான் மேலே சொல்லப்போவதாகவும் சொன்னார். அங்கியையும் அவளிடமே கொடுத்துவிட்டார், தன் காரின் பின்பக்கம் தாழ்கிறதாம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நெரிசல். அங்கி என் மடியில், இரண்டு பேரின் பாரம். அவள் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு இருந்தாள்.

"அப்பா, ஒண்டு சொல்லட்டே. அந்த அறைக்கும் கதவு இருக்கு. பெட்டிக்குள்ள தெரியாட்டியும் சத்தம் கேக்கும். ஆக்கள் போய் வந்து அடிச்சுக்கொண்டுதான் இருந்தது."

"நீ பார்க்கேல்லையே?"

"இல்லை. வெளியில கதிரையில நீங்கள் இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும்."

குடையோடு பின்னால் போய் அவளைக் காவல் காத்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மற்றப் பக்கத்தால் பார்த்தால் இப்படித் தெரிகிறது.

ஒப்பரேஷன் நாளுக்கு முதல்நாள் அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு விஷயம். அன்றைக்கு என்னோடு வரவேண்டாம். அலுவலகத்துக்கும் போகவேண்டாம். வீட்டை விட்டு இறங்காமல் இருங்கோ. லீவு எடுத்தேன். வெடித்த நாளிலிருந்து லீவு எடுக்கச் சொல்லித் தான் கத்திய கத்தல் போதாது, மகள் ஒருதரம் சொல்ல மனிசன் இருந்துவிட்டார் என்று என் மனைவி சமையலறையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் தனியாக இறங்கிப் போனாள். அவள் போய்ச் சேருகிற நேரம்வரை நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்திருப்பாள். சேர்ந்தால் எனக்குப் பயமில்லை. தண்டவாளத்தில் ரயில் போனது. கடல்காற்று எழும்பியது. எங்கள் வீட்டில் அந்தக் காற்றுக்கு வாசல்கதவு நாள் முழுவதும் அடிக்கும், ஒவ்வோர் அடிக்கும் நான் துள்ளுவேன். அன்றைக்கு அடிக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். என் மனைவி ஈய அங்கியை மடித்துச் சாத்திய கதவுக்கு முட்டாக வைத்திருந்தாள். புயல் வந்தாலும் அசையாது என்றாள்.

மத்தியானத்துக்கு முன்னர் என் புதுக் கைத்தொலைபேசி அடித்தது. அவளுடைய நம்பர்.

"எங்க நிக்கிறியள்?"

"வீட்டிலதான் பிள்ளை."

"ம்." பின்னால் தள்ளுவண்டி போகிற சத்தம் கேட்டது. "முடிஞ்சுது. ரெண்டு படத்திலயும் நடுவில."

கதவு என்ன மாதிரி என்று கேட்கவேண்டும் போலிருந்தது. அதற்குள் அவளே சொன்னாள்.

"கதவு அடிச்சுக்கொண்டுதான் இருந்தது. சேர் எண்ணினவராம். நான் ஒருக்காலும் நிமிரேல்லையாம்."

"அவர் என்ன சொன்னவர்?"

"வேற துறைக்காரர் குடுத்துவைக்கேல்லை எண்டார்." சிரித்தாள். பிறகு குரல் வேறாகியது. "இனி ஒவ்வொரு நாளும் போய்ச் சேர்ந்த உடன எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ அப்பா. ஒரு சொல் காணும். அதைப் பார்த்திட்டுத்தான் கை கழுவப்போவன்."

சரி என்றேன். இன்றைக்கும் போடுகிறேன். அலுவலகத்தில் இருந்தால் மேசை, வீட்டில் இருந்தால் வீடு. பஸ்ஸில் இருக்கும்போது ஒன்றும் போடுவதில்லை.

"இண்டைக்கு உனக்கு வேற ஒப்பரேஷன் இருக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை. ஏன்?"

"அப்ப நான் கீழ இறங்கலாமோ? கொம்மா மீன் கேக்கிறா."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், எனக்கு மூச்சுச் சத்தம் கேட்டது.

"போங்கோ," என்றாள். "செக்பொயின்ற்றில எலும்பு நோனா எங்க எண்டு கேட்டா, வேலையில எண்டு சொல்லுங்கோ."

பையை எடுத்துக்கொண்டேன். அங்கியைக் காலால் ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன்.